தொடரிணைப்பில் இரண்டு பல்புகள்

“நாப்பது வாட்ஸ் பல்பு ஒண்ணு, நூறு வாட்ஸ் பல்பு ஒண்ணு. ரெண்டையும் தொடரிணைப்புல மாட்டி கரண்டு குடுத்தா எது நல்லா எரியும்?”

1996 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, பதினோராம் வகுப்பில் ஆனந்த்ராஜ் சார் இதைக் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. முதல் பெஞ்சிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்வதுபோல ஒவ்வொருவராக எழுந்து ‘நூறு’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். நான் இரண்டாவது பெஞ்சில் சுவர் ஓரம். என் முறை வருவதற்குள் பதினொரு பேர் நூறு சொல்லியாகிவிட்டது. எழுந்து நின்று பேசுவது எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. வாய் பூட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு விடை தெரிந்திருந்தது. தெரிந்த விடையை வைத்துக்கொண்டு பொய் சொல்லி உட்கார மனம் வரவில்லை. “நாப்பது சார்” என்றேன்.

எனக்கு அது புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. எங்கள் அப்பா சூசைமாணிக்கம், திண்டுக்கல்லில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு, எழவு எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார், சீரியல் செட் விளக்குகள் தொங்கவிடுவார். திருவிழா முடிந்து சுருட்டிக்கொண்டு வரும் சீரியல் செட்டுகளில் பாதி எரியாது. ஒரு சரத்தில் ஒரேயொரு குட்டி பல்பு போனாலும் மொத்த சரமும் அணைந்துவிடும். போன பல்பைத் தேடுவது எட்டு வயதிலிருந்து என் வேலை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு நாள் ஆகும். சரத்தின் நடுவில் டெஸ்டரை வைக்க வேண்டும். அங்கே கரண்ட் வந்திருந்தால் கோளாறு அதற்கு அப்புறமுள்ள பாதியில், வராவிட்டால் முன்பாதியில். பிறகு கோளாறுள்ள பாதிக்கு நடுவில். ஐந்தாறு தடவையில் சிக்கிவிடும்.

கடையில் ஒரு பலகையும் உண்டு. ரிப்பேருக்கு வரும் அயர்ன் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் எதையும் அப்பா நேராகக் கரண்டில் சொருக மாட்டார். முதலில் அந்தப் பலகையில்தான். அதில் ஒரு நூறு வாட்ஸ் பல்பு மாட்டியிருக்கும். சொருகிய பொருளுக்கு இந்த பல்பு வழியாகத்தான் கரண்ட் போகும். பொருளுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கடை ஃபியூஸ் தப்பிக்கும். அதே பலகையில்தான் பழைய பல்புகளையும் போட்டுப் பார்ப்போம். நாற்பது வாட்ஸ் பல்பைப் போட்டால் அது நன்றாக எரியும், பலகையில் இருக்கும் நூறு உள்ளே சிவப்பு நூல் மாதிரி லேசாகத் தெரியும், அவ்வளவுதான். அதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவிடம் காரணம் கேட்டேன். “நாப்பதுல கம்பி சன்னம்த்தா. சன்னக் கம்பியில கரண்டு முக்கி முக்கிப் போகணும். முக்குற எடத்துலதான சூடு வரும்” என்றார். மின்தடையை அதைவிட நன்றாக எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“நாப்பதா?” என்றார் சார். அவருடைய கையில் கைடு விரித்தபடி இருந்தது. “ஏம்மா, நாப்பது பெருசா, நூறு பெருசா?”

“நூறு சார்.”

“அப்பறம்?”

“சன்னமா இருக்கும் சார். அதனால…” அதற்குமேல் பூட்டிக்கொண்டது.

“எது சன்னம்? ஒன் மூளையா?”

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒருவன் “ஜீரோ வாட்ஸ் சார்!” என்றான். மறுபடியும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார். அதற்கு அடுத்து அவர் செய்ததும்கூட எல்லா வாத்தியார்களும் செய்வதுதான். தப்பாகப் பதில் சொன்னவர்கள் சரியான பதிலை நூறு தடவை எழுதி வர வேண்டும். “நூறு வாட்ஸ் பல்பே அதிகமாக ஒளிரும். நூறு தடவ. நாளைக்கு மொத பீரியடுல எந்திரிச்சு நின்னு காட்டணும்” என்றார்.

அன்று சாயங்காலம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து பலகையில் இரண்டையும் மாட்டினேன். என்மேலேயே எனக்கு நம்பிக்கையில்லாமல் போயிருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் ஒரு வாத்தியாரும் ஒரு கைடும் ஒரு பக்கம். ஸ்விட்சைப் போட்டேன். நாற்பது எரிந்தது. நூறு சிவப்பு நூலாகக் கிடந்தது. அதற்கு ஆனந்த்ராஜ் சாரைத் தெரியாது.

பிறகு அந்த வெளிச்சத்திலேயே உட்கார்ந்து இம்போசிஷன் எழுத ஆரம்பித்தேன். ‘நூறு வாட்ஸ் பல்பே அதிகமாக ஒளிரும்.’ ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்தால் எதிரே நாற்பது எரிந்துகொண்டிருக்கும். குனிந்து அடுத்த வரி. அறுபத்து மூன்று வரி எழுதினேன். அறுபத்து நான்காவது வரிக்குக் கை போகவில்லை. பேனா நின்ற இடத்தில் இப்படி எழுதினேன்: ‘இந்த வரியை எழுதுகிறவள் எந்த பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறாள்? காரணம் தருக. (2 மதிப்பெண்)’ அதுதான் நான் எழுதிய முதல் கேள்வி.

இம்போசிஷன் முடியாததால் மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். திங்கட்கிழமையும் வயிற்றுவலி. செவ்வாய்க்கிழமை, போகப் பிடிக்கவில்லை என்றேன். அம்மா மில்லில் ஷிப்ட். தங்கை டெய்சிக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் ஓர் ஆள் இருந்தால் நல்லது என்ற நிலைமை முன்பே இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள். அப்பா மட்டும் இரண்டு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். “என்னத்தா நடந்துச்சு? எவனும் கையக் கிய்யப் பிடிச்சானா?”

“இல்லப்பா. சார் கேள்வி கேட்டாரு. பதில் தெரியல.”

“இம்புட்டுதானா? என்ன கேள்வி?”

“ஞாபகம் இல்லப்பா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அப்பா அந்த நிமிஷமே பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். கிரீஸ் படிந்த சட்டையும் மடித்துக் கட்டிய கைலியுமாக வகுப்பு வாசலில் வந்து நின்று, “சார், பிளக்கு எங்க இருக்கு?” என்று கேட்டிருப்பார். முப்பத்தெட்டுப் பேர் திரும்பி அப்பாவைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் காட்சிதான் பயமாக இருந்தது. சரியான விடையைக் காட்டிலும் அந்தச் சட்டை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பதினாறு வயது. இதை ஒரு காரணமாக யாரிடமும் சொல்ல முடியாது. நோட்டில்தான் எழுத முடியும்.

மூன்றாவது வாரம் அப்பா போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்தார். ஹெட்மாஸ்டர் காரணம் கேட்டபோது “அவளுக்குப் படிப்பு ஏறல சார்” என்று சொன்னாராம். பிறகு அதையே எல்லோரிடமும் சொன்னார். மேரி மாதா கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது கேட்டவர்களிடம், கடைக்கு வந்த என் பழைய டீச்சரிடம், கன்னிவாடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம். “நல்ல புள்ள. படிப்புதான் ஏறல.” தெருவில் போகும் பையன்கள் கொஞ்ச நாள் கடையைப் பார்த்து “ஜீரோ வாட்ஸ்” என்று கத்திக்கொண்டு போனார்கள். அப்பா அதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொள்வாரே தவிர, அது ஏன் என்று கேட்கவில்லை. மகள் மக்கு என்பதை இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

ஏழு வருஷத்தில் பதினான்கு நோட்டு நிரப்பியிருக்கிறேன். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். எல்லாம் கேள்வித்தாள்கள். நேரம், மொத்த மதிப்பெண், பகுதி அ, பகுதி ஆ எல்லாம் போட்டு, விடைக்கு இடமும் விட்டு எழுதுவேன். ‘மலைக்கோட்டைக்குக் கீழே நின்று நம் கடை சடையாண்டி அண்ணன் மைக்கில் ஹலோ என்கிறார். அந்த ஹலோ பாறையில் பட்டு ஒரு நொடியில் திரும்பி வருகிறது. பாறைக்கும் அவருக்கும் தூரம் எவ்வளவு?’ ‘தெருவின் இரண்டு முனையிலும் குழாய். இரண்டிலும் ஒரே பாட்டு. மாயக்காள் வீட்டு வாசலில் மட்டும் பாட்டு மங்குகிறது, நாலடி தள்ளினால் சரியாகிறது. மாயக்காள் நம்மோடு சண்டைக்கு வருவது நியாயமா? அலைகளைக் கொண்டு விளக்குக.’ ‘விடியற்காலையில் நிலக்கோட்டைப் பக்கமிருந்து பூ ஏற்றி வரும் வேனின் இரண்டு விளக்கும் தூரத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. எந்த இடத்தில் இரண்டாகும்? ஏன் அந்த இடத்தில்?’ எந்தக் கேள்விக்கும் யாரும் விடை எழுதியதில்லை. எனக்கு அது பழகிவிட்டது. ஒன்று மட்டும் பழகவில்லை. அந்த வியாழக்கிழமை நான் சொன்னதை ‘சரி’ என்று யாராவது ஒருவர் வாயால் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்த யாராவது யார் என்றும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இந்த வருஷம் டெய்சி பதினோராம் வகுப்பு. ஆனந்த்ராஜ் சாரிடமே டியூஷன். இப்போது அவர் டியூஷனில்தான் பெயர் எடுத்திருக்கிறார். மூன்று பேட்ச் நடக்கிறது. போன வாரம் டெஸ்ட் பேப்பரை என் முன்னால் விசிறிப் போட்டுவிட்டுத் தலையைப் பின்ன உட்கார்ந்தாள். ஜெராக்ஸ் தாள். ஏழாவது கேள்வியில் என் கண் நின்றது. நாற்பது, நூறு, தொடரிணைப்பு. அவள் நூறு என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் ‘40’ என்று எழுதியிருந்தது. சாருடைய கையெழுத்து. அந்த நான்கின் வால் எனக்குத் தெரியும்.

“ஏட்டி, நம்ம கடை பலகையப் பாத்ததே இல்லையா நீ?”

“அந்தக் கருமத்த யாரு பாத்தா? விடுக்கா. கிளாஸ்ல ஒருத்தருமே எழுதல. எந்த பேட்ச்லயும் ஒருத்தர்கூட இதுக்குச் சரியா சொன்னதே இல்லையாம். சாரே சொன்னாரு.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட. நீ எதுக்குக் கேக்குற, பிளஸ் ஒன்னே முடிக்காதவ” என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியில் ரிப்பனைச் சரிபார்த்தாள். அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சாதத்துக்கு என்ன வெஞ்சனம் என்று அடுத்த வாக்கியத்தில் கேட்டாள்.

சார் புது வீடு கட்டியிருக்கிறார். சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கிற அர்ச்சிப்புக்கு லைட் போட வேண்டும் என்று டெய்சி மூலமாகச் சொல்லியனுப்பி, சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கடைக்கு வருவதாகவும் சொல்லியிருந்தார். சனிக்கிழமை நாலரைக்கே பலகையை எடுத்து மேசைமேல் வைத்துத் துடைத்தேன். நூறு அதில் இருந்தது. நாற்பதைத் தேடி எடுத்து மாட்டினேன். நான் எதுவும் பேசப் போவதில்லை. பேசினால் பூட்டிக்கொள்ளும். பல்பு பேசட்டும். அவர் பார்ப்பார், ஞாபகம் வரும், என்னைப் பார்ப்பார். ‘நீ சொன்னது சரிம்மா’ என்பார். அப்பா பக்கத்தில் இருப்பார். ஏழு வருஷமாக எழுதியதில் இந்த ஒரு கேள்வித்தாளுக்குத்தான் நானே விடையும் எழுதி வைத்திருந்தேன்.

அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்தலை ஏறியிருந்தது. மற்றபடி அதே ஆள். “வாங்க சார், உக்காருங்க” என்று அப்பா நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். சடையாண்டி அண்ணன், அப்பாவோடு இருபது வருஷமாக ஏணி ஏறுகிறவர், மூலையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

சார் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அட! நம்ம கேள்வி!” என்றார். “இங்க பாருங்க, இது நாப்பது, இது நூறு. எது நல்லா எரியுது? ஏன்னு சொல்லுங்க பாப்போம்.”

அப்பா மரியாதையாகச் சிரித்தார். “அது சீரிஸ்ல அப்பிடித்தான சார் எரியும்.”

“எங்க கடைல படுத்துக் கெடக்குற நாய்க்கே தெரியும் சார்” என்றார் சடையாண்டி அண்ணன்.

“ஒங்களுக்குத் தெரியும்ங்க. புள்ளைங்களுக்குத் தெரியாது. ஏன், ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எனக்கே ஒருதடவ தடுமாறிருச்சு. தொண்ணூத்தாறுன்னு நெனைக்கிறேன். கிளாஸ்ல கைட பாத்து நூறுன்னுட்டேன். ராத்திரி பூரா உறுத்தல். மறுநாள் காலைல மொத வேலையா லேப்ல மாட்டிப் பாத்தா, நாப்பது! மொத பீரியடுலயே புள்ளைங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன். அன்னையிலருந்து இதான் நம்ம ஸ்பெஷல் கேள்வி” என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

“மறுநாளா சார்?”

என் குரல்தான். எப்படி வந்தது என்று தெரியவில்லை. சார் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு கடைப் பெண்ணைப் பார்க்கிற பார்வை.

“நான் அன்னாள் சார். ரெண்டாவது பெஞ்சு. நாப்பதுன்னு சொன்னேன். இம்போசிஷன் குடுத்தீங்க.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது. அது என்னவென்று நான் பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. “ஓ… நீதானா அது! டெய்சியோட அக்காவா நீ? பாரேன்!” என்றார். பிறகு, நிஜமான வருத்தத்தோடுதான், “அப்பறம் ஏம்மா வராமப் போயிட்ட? மறுநாள் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல. நல்லா படிச்சிருக்கலாமே, அநியாயமா விட்டுட்டியே” என்றார். ‘சரி’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நான் மனதுக்குள் மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இல்லை. அவர் வாசலுக்கு ஒரு ஆர்ச், மாடிக்கு எட்டு சரம், மாமரத்துக்கு நாலு என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். “பச்ச கலர் ஜாஸ்தி வேணாம், ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும்” என்று சிரித்தார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, போகிற போக்கில் எனக்கு ஒரு கையும் அசைத்துவிட்டுப் போனார்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். கையில் ஒரு பல்பு ஹோல்டர் இருந்தது. அதன் மூடியைத் திருகிக் கழற்றினார், திருகி மாட்டினார்.

“அன்னைக்கு இதத்தானா கேட்டாரு?”

தலையாட்டினேன்.

“நீ நாப்பதுன்னியா?”

“ம்.”

“கேள்வி ஞாபகம் இல்லைன்னியேத்தா.”

பழைய ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் தூக்கி, அடியில் கிடந்த முதல் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று யோசித்தால், வேறு எதுவும் என்னிடம் இல்லை என்பதுதான். அப்பா பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அந்த வெளிச்சத்தில் விரித்தார். அவர் ஐந்தாவதுவரை படித்தவர். விரல் வைத்துத்தான் வாசிப்பார். நூறு வாட்ஸ் பல்பே அதிகமாக ஒளிரும். விரலை இறக்கினார். நூறு வாட்ஸ் பல்பே அதிகமாக ஒளிரும். ஒரே வரிதான் என்று தெரிந்தும் தாண்டிப் போகவில்லை. வரி வரியாக, உதடு அசைய, பக்கத்தைத் திருப்பி, அடுத்த பக்கமும். நாற்பது வருஷமாக ஒயரைத் தொட்டுப் பிழைத்த ஒருவர் அந்தப் பொய்யை அறுபத்து மூன்று தடவை வாசித்தார். அறுபத்து நான்காவது வரியில் என் கேள்வி இருந்தது. அதன்மேல் விரல் நின்றது. தலையைத் தூக்கி எரிகிற பல்பைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கேள்வியைப் பார்த்தார்.

“அண்ணே, சார் வீட்டுக்குப் பன்னெண்டு சரம் எடுத்து வச்சிரவா?” என்றார் சடையாண்டி அண்ணன், ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு.

அப்பா நோட்டை மூடவில்லை. விரித்தபடியே பலகையின் பக்கத்தில் வைத்தார். காற்றில் புரளாமல் இருக்க அந்த ஹோல்டரை அதன்மேல் வைத்தார். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்தார். ஏணியை எடுக்கவில்லை, டெஸ்டரை எடுக்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடினார், ஒன்றுதான் அகப்பட்டது, அதையும் விட்டுவிட்டார். தெருவில் இறங்கி நடந்தார். முனையில் இடப்பக்கம் திரும்பினால் சார் வீடு, வலப்பக்கம் திரும்பினால் மேரி மாதா கோயில். நாங்கள் வெளியே அடுக்கி வைத்திருந்த குழாய்கள் மறைத்ததில் எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை. மேசைமேல் நாற்பது எரிந்துகொண்டிருந்தது. நூறுக்குள் அந்தச் சிவப்பு நூல்.